முதுகில்லாத கோட்டு

விசா என்பது மனிதனுக்குக் கொடுப்பதல்ல, அவன் போட்டிருக்கும் கோட்டுக்குக் கொடுப்பது என்று ஒரு காலத்தில் நான் நம்பியிருந்தேன். கப்பலேற உத்தரவு கேட்பது கோட்டு. மனிதன் அதற்குள் துணைக்குப் போகிறவன். சிரிக்காதீர்கள். விழுப்புரத்தில் அப்போது என்னைவிடப் படித்தவர்களும் இதைத்தான் நம்பினார்கள். எங்களை நம்பவைத்தவர் திண்டிவனத்தில் இருந்தார்.

அவரைக் கோட்டு மாஸ்டர் என்போம். சொந்தப் பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. தொழில் போட்டோ பிடிப்பது. சண்டை வருவதற்கு முந்திய அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்திலிருந்து மலேயாவுக்கும் ரங்கூனுக்கும் சைகோனுக்கும் போன ஆண்பிள்ளைகள் எல்லாரும் மாஸ்டரின் ஒரே கோட்டுக்குள் நுழைந்து வெளியே வந்தவர்கள்தான். அத்தனை பேர் பாஸ்போர்ட்டையும் வரிசையாக விரித்து வைத்தால் தலைகள்தான் மாறும். கழுத்துக்குக் கீழே ஒரே ஆள்.

அது மாற்றலாகிப் போன ஒரு துரையின் சாமான்களை ஏலம் விட்டபோது மாஸ்டர் எடுத்த கறுப்புக் கோட்டு. துரை ஒல்லி. எங்கள் பக்கத்து மிராசுதார்கள் ஒல்லி அல்ல. முதன்முதலில் கையை நுழைத்தவர் மூச்சு விட்டதுமே முதுகு டர்ரென்று கிழிந்தது. வேறொருவராயிருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்து, கழுத்திலிருந்து கீழ்வரை மிச்சத்தையும் வெட்டி, இரண்டு பக்கமும் நாடா வைத்துத் தைத்துவிட்டார். அன்று முதல் அது குண்டர்களுக்கும் பொருந்தியது, என்னைப் போன்ற முருங்கைக்காய்களுக்கும் பொருந்தியது. உள்ளே சட்டைகூட வேண்டாம். காலரும் டையும் சேர்த்துத் தைத்த ஒரு வெள்ளைத் துண்டை நெஞ்சில் கட்டிவிடுவார். முன்னால் பார்த்தால் கலெக்டர். பின்னால் பார்த்தால் குளிக்கப் போகிறவன்.

"ஏன் மாஸ்டரே, முதுகுக்கு ஒரு துணி வச்சித் தைச்சிடக் கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"தைச்சா ஒருத்தன் போவான் தம்பி. தைக்காத உட்டா ஊரே போவும்," என்றார்.

அந்த நாடா வேறொரு காரியத்துக்கும் பயன்பட்டது. கண்டாச்சிபுரம் பக்கத்து ஆள் ஒருவன் கல்யாணமான கையோடு பெண்டாட்டியிடம் சொல்லாமல் ரங்கூனுக்குக் கம்பி நீட்டப் பார்த்தான். போட்டோவுக்கு வந்த இடத்தில் விஷயத்தை உளறிவிட்டான். மாஸ்டர் கோட்டை மாட்டிவிட்டு, பின்னால் நாடாவை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டுவிட்டு, மாமனாருக்கு ஆள் அனுப்பிவிட்டார். முடிச்சு முதுகில்; கை எட்டாது. "மாஸ்டரே, ஜல்தியா எடுங்க, ரயிலுக்கு நேரமாவுது," என்று அவன் துடிக்கத் துடிக்க, "வெளிச்சம் சரியா வரல தம்பி, ஆடாத," என்று கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். வெளிச்சம், மாமனார் வண்டியை விட்டு இறங்கியதும் வந்தது.

இப்போது என் கதை. நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது நிலக்கடலை மண்டியில், குமாஸ்தா. என் அக்காளைச் சைகோனில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு ஒரு பையன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். தாய்மாமன் நான் ஒருவன்தான். நான் வராமல் பிள்ளை காதில் ஊசி படக்கூடாது என்று அக்கா பிடிவாதமாக இருந்துவிட்டாள். பையனுக்கு நாலு வயசாகிவிட்டது. மொட்டையடிக்காத முடி இடுப்பு வரைக்கும் வளர்ந்து, பக்கத்து வீட்டில் இருந்த அந்த ஊர் அன்னமியர்கள் அவனைப் பெண் என்று நினைத்து வளையல் வாங்கிக் கொடுத்தார்களாம். "நீ இந்த வருஷமும் வரலேன்னா இவனுக்கு நான் மாப்பிள்ளைதான் தேடணும்," என்று எழுதியிருந்தாள்.

மண்டியில் லீவு கிடைத்தது. மெட்ராஸிலிருந்து பாஸ்போர்ட்டும் வந்தது. பாக்கி விசா. சைகோன் பிரெஞ்சுக்காரன் சீமை. புதுச்சேரியில் இருந்த அவர்கள் ஆபீசில் போய் முத்திரை வாங்க வேண்டும். அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. போட்டோவில் கோட்டு, நேரில் வேட்டி சட்டை. துரை இரண்டையும் பார்த்துவிட்டு, இது வேறு ஆள் என்று சொல்லிவிட்டால்?

திண்டிவனத்துக்கு ஓடினேன். மாஸ்டருக்கு இது புதிதல்ல. சைகோன் போகிறவர்களுக்கெல்லாம் கோட்டை இரவல் கொடுத்து, ஒத்திகையும் பார்த்து அனுப்புவார். ஒரு ஸ்டூலில் துரையாக உட்கார்ந்தார்.

"உள்ள போறப்ப நெஞ்சைக் காட்டு. வெளிய வர்றப்பவும் நெஞ்சையே காட்டு. பின்னாலயே நடந்து வா. திரும்பினே, தீந்தே. கேட்டதுக்கு ஒரு வார்த்தை பதில். ரெண்டு வார்த்தை பேசினா சந்தேகம் வந்துடும். எங்க, எதுக்குப் போறே?"

"அது வந்து மாஸ்டரே, எங்க அக்கா..."

"செத்தே. ஒரு வார்த்தை."

பின்னால் நடக்கும் பயிற்சியில் அவருடைய தண்ணீர்த் தொட்டியில் ஒரு தடவை விழுந்தேன். அதைப் பார்த்த பிறகு மாஸ்டர் கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"நானும் வர்றேன். உன்ன தனியா அனுப்பினா கோட்டு திரும்பி வரும், நீ வர மாட்டே."

புதுச்சேரி ஆபீஸ் வாசலில் வைத்து எனக்கு நாடாவைக் கட்டி, தட்டிக்கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, மாஸ்டர் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் சுவரோடு சுவராக நகர்ந்து துரையின் மேஜைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். துரைக்கு மீசை அடர்த்தி. பக்கத்தில் வெள்ளை டிரில் உடுப்பில், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு துபாஷி, நம்மூர் மனிதர்தான். துரை பாஸ்போர்ட்டைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், என்னவோ கேட்டார்.

"எதுக்குப் போறீங்கன்னு கேக்குறாரு," என்றார் துபாஷி.

என் தலைக்குள் இருந்ததெல்லாம் வடிந்து ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது.

"உக்கார."

"என்னாது?"

"உக்காரங்க."

"நாற்காலி இருக்குதே, உக்காருங்க."

"இங்க இல்லீங்க. சைகோன்ல."

துபாஷி அதை அப்படியே பிரெஞ்சில் சொல்லிவிட்டார். துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"இங்க இருந்து கப்பல்ல அவ்வளோ தூரம் போயி உக்காரப் போறீங்களா? எது மேல?"

"தரை மேலங்க."

"எவ்வளோ நேரம்?"

"கொஞ்ச நேரந்தாங்க. பையன் அழுது முடிக்கிற வரைக்கும்."

"எந்தப் பையன்? ஏன் அழுவான்?"

"ஊசியால குத்துவாங்க. நான் கையையும் காலையும் புடிச்சிக்குவேன்."

இதைப் பிரெஞ்சில் கேட்டதும் துரை எழுந்து நின்றுவிட்டார். கடல் கடந்து போய் ஒரு பச்சைப் பிள்ளையைச் சித்திரவதை செய்வதற்கு விசா கேட்டு வந்த முதல் ஆள் நான்தான் போலிருக்கிறது. வாயால் சொல்ல முடியாததைச் செய்து காட்டிவிடலாம் என்று தடாலென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

நாடா அறுந்தது. கோட்டு முன்பக்கமாகச் சரிந்து மடியில் விழுந்தது. காலரும் டையும் கழுத்தில் தொங்க, கிழிந்த பனியனோடு பிரெஞ்சு சர்க்காரின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். துரை மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, எனக்குப் பின்னால் நின்று, நிதானமாகப் பார்த்தார். அக்கா முகமும் அந்தப் பையனின் ஜடையும் என் கண் முன்னால் வந்து போயின. அவ்வளவுதான், மாப்பிள்ளை தேட வேண்டியதுதான்.

அப்போது மாஸ்டர் உள்ளே வந்தார். வாசலில் நின்ற பியூனின் கையைத் தட்டிவிட்டு நேராக வந்தார்.

"துரை, புள்ளைய உட்டுடுங்க. கோட்டு என்னுது. புடிக்கிறதா இருந்தா என்னப் புடிங்க," என்றார். சொல்லிவிட்டு எனக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். யாரும் எதிர்பார்க்காத விதமாக என்னைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார்.

"இவன் கொழந்தைன்னு வச்சுக்குங்க. நான் தாய்மாமன். இப்பிடித்தான் உக்காரணும். அதோ, காது குத்துற பத்தரு ஊசியோட வர்றாரு," என்று என் காதுமடலை நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளினார். நான் நிஜமாகவே அலறினேன். "கொழந்தை அழுவுது. மாமன் தாங்கிக்கினு சமாதானம் சொல்றான். அம்மாந்தான் துரை. இதுக்குத்தான் போறான்."

துபாஷியின் கை தானாகவே தன் காதுக்குப் போனது. அதில் பழைய துளை ஒன்று இருந்தது. அவர் துரையிடம் வெகு நேரம் பேசினார். கடைசியில் துரை ஒரு கேள்வி கேட்டார்.

"மாமன் வராட்டா என்னா பண்ணுவீங்கன்னு கேக்குறாரு."

"காத்துக்கினு இருக்கணும்," என்றார் மாஸ்டர், என்னை மடியை விட்டு இறக்காமலே. "இவங்க அக்கா நாலு வருஷமா காத்துக்கினு இருக்குது."

துரை நாற்காலிக்குத் திரும்பி, முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். பிறகு குனிந்து கோட்டை எடுத்து, வெட்டிய முதுகுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், மீசை அடங்க வெகு நேரமாயிற்று.

துபாஷி எங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டார். "உங்க பக்கத்துக்காரங்க எல்லாம் முதுகைக் காட்டாம பின்னாலயே நடந்து போவாங்க இல்ல, அது பெரியவங்களுக்குக் குடுக்குற மரியாதைன்னு துரை இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தாரு. மரியாதைக்கு மரியாதைன்னு அவரும் ஒரு நாள் பெரிய துரை ரூம்ல இருந்து அப்பிடியே நடந்து வந்து படியில விழுந்தாரு," என்றார். பிறகு, "ஆமா, கோட்டு போட்டுக்கினு வரணும்னு யாரு சொன்னது? ஒரு சட்டை போட்டுக்கினு வந்தா போதுமே," என்றார்.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். மாஸ்டர் கடலைப் பார்த்தார்.

திரும்புகிற ரயிலில் பிரெஞ்சு எல்லையில் கஸ்டம்ஸ்காரர் ஏறினார். புதுச்சேரியிலிருந்து வருகிறவன் எதை ஒளித்துக் கொண்டுவருகிறான் என்று பார்ப்பது அவர் வேலை. மாஸ்டர் மடியில் இருந்த கோட்டைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"முதுகு எங்கய்யா?"

"முன்னாடியே கப்பல் ஏறிடுச்சு சார்," என்றார் மாஸ்டர். அதுவரை உம்மென்று இருந்தவர், அதைச் சொன்ன பிறகு விழுப்புரம் வரும் வரைக்கும் தானே சிரித்துக்கொண்டு வந்தார். கோட்டை மட்டும் விடவில்லை. அடுத்து வந்தவனிடம், "கட்டாயம் இல்ல தம்பி. போட்டுக்கினா தைரியமா இருக்கும்," என்று சொன்னதாகக் கேள்வி.

நான் சைகோன் போனேன். உட்கார்ந்தேன். காது குத்தினார்கள். பையனைவிட நான் அதிகம் அழுதேன் என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறாள். அவள் வீட்டுச் சுவரில் அத்தானின் படம் மாட்டியிருந்தது. அதே கோட்டு. "எங்க வீட்டுக்காரரு ஊர்லயே கோட்டு போட்டவரு," என்று அக்கா அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்ப் படத்தை நேராக்கி மாட்டினேன்.

பிறகு சண்டை வந்தது. கப்பல்கள் நின்றன. மாஸ்டரின் கோட்டு ஆணியில் தொங்கியது. எனக்குக் கல்யாணமாகிப் பெண் பிறந்தாள். காது குத்த நாள் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது: என் மனைவி ஒற்றைப் பிள்ளை. அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. ஒன்றுவிட்ட வகையிலும் ஓர் ஆண்பிள்ளை கிடையாது. யார் மடி என்று உறவுக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். திண்டிவனம் போகிற ஒருவரிடம் இதைப் புலம்பி வைத்தேன்.

காது குத்துகிற அன்று காலை பாசஞ்சரில் மாஸ்டர் வந்து இறங்கினார். தலை நரைத்திருந்தது. கையில் தட்டு, தட்டில் பாவாடைத் துணியும் வெற்றிலை பாக்கும். உடம்பில் கோட்டு.

"கோட்டு எதுக்கு மாஸ்டரே, இந்த வெயில்ல?"

"மாமன் மொறைக்கு வர்றேன் தம்பி. வெறும் சட்டையிலயா வர்றது?"

சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தார். என் மகள் அவர் மடியில் இருந்து பொத்தானைக் கடித்துக்கொண்டே காது குத்திக்கொண்டாள். அவள் வீரிட்டதும் மாஸ்டர் பதறிப்போய், சுவரையும் மறந்து, முதுகையும் மறந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்தில் இங்கும் அங்கும் நடக்க ஆரம்பித்துவிட்டார். நாடா அவிழ்ந்து கோட்டு இரண்டு பக்கமும் பறந்தது. ஊரே பார்த்தது. எவனாவது சிரித்தால் அவன் பல்லைத் தட்டிவிடுவது என்று நான் வேட்டியை மடித்துக் கட்டினேன்.

அதற்கு அவசியம் ஏற்படவில்லை. என் மனைவி எழுந்து போய், "கொஞ்சம் நில்லுங்கண்ணே," என்று சொல்லி, பின்னால் நின்று நாடாவைக் கட்டிவிட்டாள். அவள் கட்டி முடிக்கிற வரைக்கும் அவர் அசையாமல் நின்றார்.