சூரியனுக்கு முதுகு காட்டிய யோகா

இடுப்பு பிடித்துக்கொண்ட மனிதனுக்குப் புத்தியும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். எனக்கு இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தது.

அப்போது போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கொடுக்கும் அலுவலகத்தில் எனக்கு வேலை. நாற்காலியிலிருந்து எழவே ஓர் ஆள் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. டாக்டர் யோகா வகுப்பில் சேரச் சொன்னார். மரைன் ஹில் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி ஜமீலா கரண்டியோடு திரும்பினாள்.

"அது அவங்க வணக்கமாச்சேங்க. சூரியனக் கும்பிட்டா நம்ம ஈமான் என்னாகுறது?"

"வெறும் எக்சர்சைஸ்தான் புள்ள!"

"எதுக்கும் ஹஜ்ரத்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

நியாயமான யோசனை. ஆனால் பள்ளிவாசல் ஹஜ்ரத் 'கூடாது' என்று சொல்லிவிட்டால்? (வலிப்பது என் இடுப்பு, அவருடையது இல்லையே!) அதனால் நானே முஃப்தியாகித் தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்: சூரியனுக்கு முதுகைக் காட்டிச் செய்தால் அது சூரிய நமஸ்காரமே ஆகாது.

மறுநாள் விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தொழுதுவிட்டுக் கடற்கரைப் பூங்காவுக்குப் போனேன். தாமதமாகப் போனதால் முன்வரிசையில்தான் இடம் கிடைத்தது. கடலுக்கு முதுகு காட்டி நின்ற மாஸ்டர் "ஓம்" என்று இழுக்க, எல்லோரும் கூடவே இழுத்தார்கள். நான் உதட்டை இறுக மூடிக்கொண்டேன். அடுத்தது சூரிய நமஸ்காரம். எல்லோரும் கிழக்கே பார்த்து நிற்க, நான் மட்டும் மேற்கே திரும்பினேன்.

திரும்பிய பிறகுதான் தெரிந்தது, மொத்த வகுப்பும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. நேர் எதிரே நின்ற பெங்காலி அம்மா என்னை உதவி மாஸ்டர் என்று முடிவுகட்டிவிட்டார். நான் கையைத் தூக்கினேன், அவரும் தூக்கினார். நான் மூக்கைச் சொறிந்தேன், அவரும் சொறிந்தார். பின்வரிசையும் பக்தியோடு சொறிந்தது.

பதற்றத்தில் வேகமாகக் குனிந்தேன். இடுப்பில் 'கடக்' என்றது. நிமிர முடியவில்லை.

"யா அல்லாஹ்!" அடிவயிற்றிலிருந்து நீளமாக வந்தது சத்தம்.

"யா... அல்லா..." என்று பூங்காவே ராகத்தோடு திருப்பிச் சொன்னது.

மாஸ்டர் ஓடிவந்து, "பாய்சாப், உல்டா க்யோன்?" என்று கேட்டார். ஏன் திரும்பி நிற்கிறேன் என்பதை என் கால்விரல்களைப் பார்த்தபடியே எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு ஜோடிச் செருப்பு வந்து நின்றது. காலை நடைக்கு வந்த ஹஜ்ரத்!

"காசிம் பாய், மேற்கே பாத்து ருகூவா செய்யுறீங்க?" நாங்கள் தொழுவது மேற்கு நோக்கி; அதில் இடுப்பை வளைத்துக் குனிவதுதான் ருகூ.

என்னைத் தூக்கிப்போய் பெஞ்சில் கிடத்தினார்கள். ஹஜ்ரத் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முன்னாடியே கேட்டிருக்கலாம்ல? யோகா பக்கமே போகக்கூடாதுன்னு சொல்ற ஆலிம்களும் இருக்காங்க. மந்திரம் இல்லாம, வணக்கம்ங்கிற நெனப்பு, நிய்யத் இல்லாம, வைத்தியத்துக்குச் செஞ்சா தப்பில்லங்கிறவங்களும் இருக்காங்க. நான் ரெண்டாவது கட்சி. உடம்பு அல்லாஹ் தந்த அமானிதம், பாத்துக்கத்தான் வேணும். சூரியன் பேர்ல உள்ளத மட்டும் விட்டுட்டு மத்ததச் செய்யுங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஊரையே அல்லாஹ் பேரச் சொல்ல வச்சீங்களே, அதுக்கு எந்தக் கிதாபுல சட்டம் தேடுறதுன்னு எனக்கே தெரியல" என்றார்.

போன வருஷம் மகள் நிக்காஹ். குடும்பப் படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றோம். போட்டோக்காரர், "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க" என்றார்.

"தம்பி," என்றாள் ஜமீலா, "இவர மட்டும் ஒருதடவ சரிபாத்துக்கங்க!"

அந்தப் படத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். நான் ஜமீலாவை முறைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறேன்.