மலட்டாற்றங்கரையில் கை நனைத்தது

சேசு மரி சூசை துணை.

முதலியார்பேட்டை, 1934 ஜனவரி கடைசி வாரம்.

சைகோன் பட்டணத்தில் உத்தியோகமும் உடல்நலமும் ஒருங்கே பெற்று விளங்கும் மூத்த மச்சான் லூயிஸ் அவர்களுக்கு, உங்கள் தங்கை அகஸ்டினாவின் புருஷன் சகாயநாதன் மிக்க பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நான், உங்கள் தங்கை, உங்கள் ஞானமகள் லூர்துசெல்வி ஆகிய மூவரும் க்ஷேமம். என் இடது கால் மட்டும் க்ஷேமம் இல்லை. அது ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்களோடு வேலை பார்க்கும் பையன் ஒருவனை லூர்துசெல்விக்குப் பேசியிருப்பதாகவும், அவனைப் பெற்றவர்கள் மலட்டாற்றங்கரையில் மாடி வீட்டில் இருப்பதாகவும் (பேர் எழுத விட்டுவிட்டீர்கள்), நான் போய்ப் பார்த்துவிட்டுச் சம்மதம் எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி என்றும் எழுதியிருந்தீர்கள். காரியம் நீங்கள் நினைத்தபடியே முடிந்துவிட்டதால் இனி மறைப்பானேன், பெண்ணுக்கு இதில் இஷ்டமில்லை. மாப்பிள்ளைமேல் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டிய அன்றைக்கு, அரிசி களைந்த கையோடு வந்து நின்றுகொண்டு, "யாரைக் காட்னாலும் கட்டிக்கிறேம்பா. கப்பல்ல மட்டும் ஏத்திடாதீங்க" என்றாள். உங்களுக்கு மறுப்பு எழுத எனக்குத் தைரியம் கிடையாது, கல்யாணமான நாள் முதல் இல்லை. ஆகையால் அந்த வீட்டுக்குப் போய் ஏதாவது ஒரு குறையைக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். உங்கள் தங்கை கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து ஒரே ஒரு உத்தரவு போட்டாள். "அந்த ஊர்ல எந்த வூட்லயும் கை நனைக்காதீங்க. நனைச்சிட்டீங்கன்னா சம்மதம்னு ஆயிடும். அப்புறம் பேச வாய் இருக்காது." நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால், பெண்ணைக் கொடுத்தது போலத்தான்.

வண்டி கட்டிக்கொண்டு போனால் சம்பந்தம் பேச வந்தவன் என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், கடலூர் ரோட்டில் நடந்தாலோ தவளக்குப்பம் சந்தைக்குப் போகும் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் விசாரிப்பார்கள். ஆகவே ஆற்றங்கரை வழியாக, வெள்ளைக்காரத் துரைமார் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க நடப்பார்களே அந்த மாதிரி, குடையும் கோட்டுமாக நடந்துபோவது என்று யோசனை செய்தேன். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் நம் ஜனங்களுக்கு ஒருவன் சும்மா நடக்கிறான் என்பது புத்தியில் ஏறாது என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. சுண்ணாம்பாற்றைத் தோணியில் தாண்டும்போதே தோணிக்காரன், "எங்க போறீங்க?" என்றான். "சும்மா நடக்கப் போறேன்" என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வூட்ல சண்டையா?" என்று கேட்டான். இல்லை என்று சத்தியம் செய்தும் கேட்காமல், அக்கரையில் இறக்கிவிடும்போது, "கோவத்துல எதுவும் பண்ணிக்காதீங்க ஐயா. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன், திரும்பி வந்துடுங்க" என்றான். அடுத்த ஊரில் நெல் அறுத்துக்கொண்டிருந்த தனக்கொடி என்கிற அம்மாள், கதிர் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்புக்கே வந்து, "கோட்டெல்லாம் போட்டுக்கினு நடந்து போறீங்களே, வண்டிக்குக் காசில்லியா?" என்று கேட்டு மனம் உருகினாள். சும்மா நடக்கிறேன் என்று நான் சொன்னதும் பக்கத்தில் இருந்தவளிடம், "பாவம், பெரிய எடத்து மனுசன், புத்தி பேதலிச்சுப் போச்சி" என்றாள். அத்தனை தூரத்திலும் என்னைக் கண்டு இரக்கப்படாதவை மாடுகள்தான்.

இந்தப் பக்கத்து எல்லை நீங்கள் அறிந்ததே, ஒரு வயல் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த வயல் இங்கிலீஷ்காரனுடையது. நெல்லைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு வாய்க்காலைத் தாண்டியதும் இங்கிலீஷ் சுங்கச் சேவகன் ஒருவன் பிடித்துக்கொண்டான். புதுச்சேரியிலிருந்து வருகிறவன், கோட்டு போட்டிருக்கிறான், போகும் இடம் சொல்ல மாட்டேன் என்கிறான், அப்படியானால் உடம்பெல்லாம் பிராந்தி புட்டியாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. குடையை விரித்துப் பார்த்தான், கோட்டைத் தட்டிப் பார்த்தான், என் தொந்தியையும் தட்டிப் பார்த்து, அது தொந்திதானா என்று இரண்டாம் தரமும் தட்டினான். பொட்டலத்தைப் பிரித்து, புளிச்சோறு என்று கண்டு, மரியாதையாகக் கட்டிப் பெஞ்சின்மேல் வைத்து, "போங்க" என்றான். விட்டால் போதும் என்று நான் எடுத்த ஓட்டத்தில் பொட்டலம் பெஞ்சிலேயே தங்கிவிட்டது. திரும்பிப் போய்க் கேட்டால் மறுபடியும் தட்டுவானே என்று போகவில்லை. அந்தப் புளிச்சோறு என் கையில் இருந்திருந்தால், மச்சான், இந்தக் கடிதமே வேறு மாதிரி இருந்திருக்கும்.

உச்சி வெயிலில் பசியோடு மலட்டாற்றங்கரையை அடைந்து, ஒரு வாய்க்காலின் குறுக்கே போட்டிருந்த பனைமரத்தின்மேல் ஏறினேன். பிடிமானத்துக்காகக் குடையை விரித்தேன். காற்று குடையை இழுத்தது, குடை என்னை இழுத்தது, விழுந்தேன். இடுப்பளவு சேறு, இடது கால் சுளுக்கிக்கொண்டது. அந்த நிலத்துக்காரர் அருளானந்தமும் அவர் சம்சாரம் சூசைமேரியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றி, தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போய், குளிக்க வைத்து, வேட்டி கொடுத்து, புது நெல்லுச் சோறும் விரால் மீன் குழம்பும் இலையில் போட்டுவிட்டார்கள். உங்கள் தங்கையின் உத்தரவு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அது ஓட்டு வீடு. நீங்கள் எழுதியதோ மாடி வீடு. ஆகவே தைரியமாகக் கை நனைத்தேன். மூன்றாம் தரம் சோறு வாங்கும்போதுதான் நிமிர்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பக்கத்தில், கோட்டும் தொப்பியுமாக ஒரு வாலிபன் படம். "எங்க பெரியவன். சைகோன்ல இருக்கான்" என்றார் அருளானந்தம். மச்சான் எதையும் ஒரு மாடி கூட்டித்தான் எழுதுவார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "பொண்ணு இருக்குதா ஒங்களுக்கு?" என்று அந்த அம்மாள் கேட்டாள். தலையாட்டினேன். "பேரு இன்னா?" சொன்னேன். புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எனக்கு முள் சிக்கிக்கொண்டது. முதுகில் தட்டி, வெறும் சோற்றை உருட்டி விழுங்க வைத்து, என்னைப் பிழைக்க வைப்பதற்கே அவர்களுக்குச் சரியாகப் போய்விட்டது, மேற்கொண்டு பேச்சில்லை. பொழுது சாய வண்டி கட்டி அனுப்பினார்கள். "துணி காஞ்சதும் நாங்களே எடுத்துக்கினு ஒங்க வூட்டுக்கு வர்றோம்" என்றாள் சூசைமேரி. அந்த வீட்டில் குறை தேடிப் பார்த்தேன், மச்சான். ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உங்கள் தங்கை சொன்ன வார்த்தைகளைக் காகிதத்தில் எழுத முடியாது. லூர்துசெல்வி என் காலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "சாப்பாடு நல்லா இருந்துச்சாப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பெற்ற பெண்ணை ஒரு இலை சோற்றுக்கு விற்றுவிட்டேன் என்று இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனாலும் உண்ட வீட்டுக்குத் துரோகம் செய்கிற பரம்பரை இல்லை நம்முடையது. நீங்கள் விரும்பியபடியே ஆகட்டும். தபசு காலம் கழிந்து, ஈஸ்டருக்கு அப்புறம் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு விண்ணப்பம், கப்பல் பயணத்தில் அவள் பக்கத்தில் யாராவது தமிழ் அறிந்த பெண்பிள்ளை இருக்கும்படி ஏற்பாடு செய்யவும்.

ஆரோக்கிய மாதா உங்களையும் உங்கள் வீட்டு அக்காளையும் காய்ச்சல் அண்டாமல் காப்பாற்றுவாளாக. நீங்கள் கேட்ட வடகம் பிழிந்து காய்கிறது. உங்கள் தங்கை தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள், கோபம் தணிந்த பிறகு.

இப்படிக்கு,
உங்கள் சொல் தட்டாத
சகாயநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவும். கடிதத்தை ஒட்டப்போகிற நேரத்தில் அருளானந்தமும் சூசைமேரியும் என் கோட்டோடும் ஒரு கூடைக் கத்திரிக்காயோடும் வண்டியில் வந்து இறங்கினார்கள். நிச்சயம் பண்ணத்தான் வந்துவிட்டார்கள் என்று உங்கள் தங்கை பக்கத்து வீட்டுக்கு நாற்காலி இரவல் வாங்க ஓடினாள். லூர்துசெல்வி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சூசைமேரி உட்கார்ந்த உடனே, "எங்க சைகோன் மருமவ பேரும் லூர்துசெல்விதாங்க. ரெண்டு புள்ள அவளுக்கு. அன்னிக்கே சொல்லலாம்னு பாத்தா ஒங்களுக்கு முள்ளு சிக்கிக்கிச்சி" என்றாள். நீங்கள் சொன்ன வீடு ஆற்றுக்கு அந்தாண்டையாம், மாடியும் நிஜந்தானாம், மன்னிக்கவும். அடுக்களைக் கதவு திறந்தது. பெண் தானே காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்றுகூட இல்லாமல் சிரித்துக்கொண்டே கொடுத்தாள். இந்த ஒரு வாரமாக அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. சைகோனுக்கு அனுப்பிவிட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கூட அதைப் பார்க்காமல் எப்படி இருப்பேன்? ஆகையால் மச்சான், குறை ஒன்றும் சொல்லாமலே சொல்கிறேன், பெண்ணை அனுப்ப மாட்டேன். உங்களுக்குக் கோபம் வரும். அது கப்பலேறி இங்கே வந்து சேரட்டும், வாங்கிக்கொள்கிறேன். அவள் கப்பலேறிப் போனால் என்னால் தாங்க முடியாது.