சொன்ன பேச்சு கேட்காத ஃபேன்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. அங்கே நீங்களும் மகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். தாங்கள் மாட்டிவிட்டுப் போன பேசும் சுவிட்சுகளைத் தயவுசெய்து கழற்றிக்கொண்டு போய்விடவும்.

கோபமில்லை. மாப்பிள்ளை மேல் கோபப்பட மாமனாருக்கு உரிமை கிடையாது என்று எனக்குத் தெரியும். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் ஓய்ந்துபோன மனுஷன் சுவரைப் பிடித்து நடந்து விழுந்து தொலைக்கக் கூடாது, படுத்த இடத்திலிருந்தே வாயால் சொல்லி லைட்டும் ஃபேனும் போடட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். ஆனால் சுவிட்சுகளோடு வைத்துவிட்டுப் போன அந்தக் குரல் கேட்கும் டப்பா, உங்கள் அத்தை கொட்டாவி விட்டபடி முனகினாலும் கேட்கிறது, டி.வி. சீரியலில் மாமியார்க்காரி "எல்லாத்தையும் அணைச்சிட்டு வெளிய போ" என்றால் என் அறையை இருட்டாக்குகிறது, நான் சொன்னால் மட்டும் "மன்னிக்கவும், புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்கிறது. காய்கறி மண்டியில் ஏலம் விட்ட தொண்டை இது. நான் "ஒரு தரம்" என்றால் கடைசி வரிசை வியாபாரி வரைக்கும் வாயை மூடுவான். இப்போது ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் சொல்லியும் ஒரு ஃபேன் அசைய மாட்டேன் என்கிறது.

நீங்கள் சொன்ன வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. வைஃபை பெட்டியைப் பிடுங்கி மறுபடி மாட்டியதில் ஃபேன் ஓட ஆரம்பித்து நிற்கவே இல்லை, மெயினை இறக்கித்தான் நிறுத்தினோம். செயலியை அழித்துத் திரும்ப ஏற்றியதில் கூடத்து லைட்டின் பெயர் என் ஃபேனுக்குப் போய்விட்டது. எலக்ட்ரீசியன் வந்து அதைச் சரிசெய்து "ஃபேன் ஆன்" என்றார், ஓடியது. "ஆஃப்" என்றார், நின்றது. சுவிட்சில் ஒரு குறையும் இல்லை என்று, என்னைப் பார்க்காமல் உங்கள் அத்தையைப் பார்த்துச் சொன்னார். விடுவேனா, கம்பெனிக்கு நானே போன் போட்டேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், கொஞ்சம் தெளிஞ்சதும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்தவனில்லை மாப்பிள்ளை நான்.

ஃபேன் நிற்காமல் ஓடிய அன்று மகளுக்கும் போன் செய்து, குளிரில் விறைத்துப்போகிறேன் என்றேன். "ரொம்ப சந்தோஷம்பா, அப்படியே இருங்க" என்றாள். உங்கள் அத்தையும் அப்படித்தான், நான் வாயைத் திறந்தாலே தலையை ஆட்டுகிறாள். வெந்நீர் கேட்டால் போர்வை வருகிறது. அவள் முகம் வாடக் கூடாதே என்று போர்த்திக்கொண்டு தாகத்தோடு கிடக்கிறேன். வாய்க்குப் பயிற்சி கொடுத்தால் பேச்சு திரும்பும் என்றார் டாக்டர். நன்றாகத்தான் பேசுகிறீர்கள், எல்லாம் புரிகிறது என்று வீட்டில் சொல்லிவிட்டதால் நானும் விட்டுவிட்டேன். அந்தச் சனியன் ஒன்றுதான் என் வாய் போய்விட்டது என்று வீடே கேட்க அறிவிக்கிறது. நேற்று அது மறுபடி சொல்லச் சொன்னபோது உங்கள் அத்தை சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அவமானமாக இருக்கிறது. பழைய சுவிட்சையே போட்டுவிடுங்கள். விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறேன்.

மகளுக்கு என் ஆசிகளைச் சொல்லவும். ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு நீங்கள் இருவரும் நீண்ட காலம் நன்றாக வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். கழற்ற வர வேண்டாம். இன்று உங்கள் அத்தை கடைக்குப் போனதும் அந்த டப்பாவை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "லைட்" என்ற ஒரு சொல்லைத்தான் சொன்னேன். அது மறுபடி கேட்டது, நான் மறுபடி சொன்னேன். அது அலுத்துக்கொள்ளவில்லை, புரிந்த மாதிரி நடிக்கவில்லை, தலையை ஆட்டவில்லை. அதற்குத் தலையும் இல்லை. தாடை வலித்து, எச்சில் வழிந்து, சட்டை நனைந்த பிறகு லைட் எரிந்தது. அவள் வந்து, பட்டப்பகலில் எதற்கு என்று அணைத்துவிட்டாள். நான்தான் போட்டேன் என்றேன். வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல், நான் திரும்பச் சொல்கிறேன் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள்.