லிஃப்ட்காரர் பிரவுசரை மாற்றினார்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு மனசு உறுத்தும். என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சொன்ன கதை. கதாநாயகர் அவருடைய அக்காவின் கணவர். மச்சானைப் பற்றி மச்சான் சொல்லும் கதையில் காரம் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். அதிகம் என்று பட்டதையெல்லாம் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகும் இவ்வளவு மிச்சம்.

அவரை எல்லோரும் லிஃப்ட்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக். பதினேழு மாடிக் கட்டடத்தின் உச்சியில், ஒரு கையில் ஸ்பேனரும் இன்னொரு கையில் டார்ச்சுமாக நின்று வேலை பார்ப்பவர். அங்கிருந்து கீழே பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். அவர் கீழே பார்த்துக் கொட்டாவி விடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் பயப்படுகிற உயரம் ஒன்றே ஒன்றுதான். தரையிலிருந்து இரண்டடி. பல் டாக்டரின் நாற்காலி.

கீழ் வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். பதினாறு நாளாக வலி. யாரிடமும் மூச்சு விடவில்லை. வலது பக்கமே மென்றார். வலது பக்கமே சிரித்தார். மனைவிக்குத் தெரிந்தால் அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். போனால்கூடப் பரவாயில்லை, மகளுக்குத் தெரிந்துவிடுமே! அதுதான் அவருக்குப் பல்லைவிட வலித்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு எட்டு வயது மகளுக்கு ஒரு பல் எடுக்க வேண்டி வந்தது. அழுத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர் அரைமணி நேரம் வீரப் பேச்சு பேசினார். "அப்பாவைப் பாரு. எதுக்காச்சும் பயந்திருக்கேனா?" பிள்ளை நம்பிவிட்டது. அம்மாவோடு போய்ப் பல்லை எடுத்துக்கொண்டு வந்து, "எங்கப்பா எதுக்கும் பயப்பட மாட்டாங்க" என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தது. அன்றைக்கு அவர் மருத்துவமனை வாசல்வரைகூடப் போகவில்லை என்பது தனிக் கதை.

ஆகவே தன் சந்தேகங்களையெல்லாம் வீட்டுக் கணினியிடமே கேட்டுவந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் மகளின் பள்ளிக்கூடப் பக்கத்தைத் திறக்க உட்கார்ந்தார். 'ப' என்று ஓர் எழுத்துதான் அடித்தார். கணினி ஆர்வத்தோடு மீதியை எடுத்துக்கொடுத்தது.

பல் பிடுங்காமல் வலி போக.
பல் டாக்டர் ஊசி எவ்வளவு நீளம்.
பல் டாக்டர் முன்னால் மயங்கி விழுந்தால் அவமானமா.
பல் வலி மனைவிக்குத் தெரியாமல் இருக்க.

அவருக்கு வேர்த்துவிட்டது. மனைவியும் இதே கணினியில் இதே 'ப'வைத்தான் அடிப்பார். மனைவி நூலகத்தில் பட்டியல் போடுகிறவர். எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் ஒளிந்திருந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அவருக்கு ஓர் எழுத்து போதும். பாதி எழுத்தேகூடப் போதும்.

அழித்துவிடலாம் என்று தேடித்தேடி அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தார். "எல்லாவற்றையும் அழிக்கட்டுமா?" என்று கணினி கேட்டது. எல்லாவற்றையும் என்றால்? மகளின் வீட்டுப்பாடம்? மனைவியின் பட்டியல்? சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

மறுநாள் ஓர் அலுவலகக் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோனது. உள்ளே சிக்கியிருந்தவர் அந்த அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் மேடம். கதவை ஒரு சாண் விலக்கியதும் நம்மவர் அந்தச் சந்தில் முகத்தை வைத்தார்.

"மேடம், வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன சந்தேகம்."

"எனக்கு மூச்சு முட்டுதுங்க!"

"ரெண்டே நிமிஷம். பிரவுசர்ல தேடினது வீட்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னா என்ன பண்ணணும்?"

"புது பிரவுசர் ஒண்ணு போட்டு, அதையே டீஃபால்ட் ஆக்குங்க. எந்த லிங்க்கைத் தொட்டாலும் அதுலதான் திறக்கும். பழசு பக்கம் யாரும் போக மாட்டாங்க. இப்பக் கதவைத் திறக்கிறீங்களா?"

திறந்தார். அவ்வளவு உற்சாகமாக அவர் எந்த லிஃப்டையும் திறந்ததில்லை.

அன்று சாயங்காலம் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தார்.

"இந்த வீட்ல இன்னியிலேர்ந்து பழைய பிரவுசர் கிடையாது!"

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "அது என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"பாதுகாப்பு இல்ல."

"யார்கிட்டேர்ந்து?"

"வெளியாளுங்ககிட்டேர்ந்து."

"வெளியாளுக்கு நம்ம வீட்ல பார்க்க என்னங்க இருக்கு? நான் தேடறது புத்தகம். இவ தேடறது யானைப் படம். நீங்க என்ன தேடறீங்க?"

"நான்... லிஃப்ட்."

"லிஃப்ட்டா! அதைக் கண்டிப்பா ஒளிச்சு வைக்கணும்."

அவர் நேரே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். புது பிரவுசரை இறக்கினார். டீஃபால்ட்டை மாற்றப்போனால் பழையது விடுவேனா என்றது. மாறுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாமே என்று, பத்து வருஷம் கூடவே குடித்தனம் பண்ணியது மாதிரி கெஞ்சியது. "மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். பல் ஒருமுறை விண்ணென்று தெறித்தது.

புது பிரவுசர் திறந்தது. வெள்ளை வெளேரென்று, ஒரு பாவமும் அறியாத முகம். வந்ததும் பணிவாக ஒரு கேள்வி கேட்டது. பழைய பிரவுசரில் இருப்பவற்றையெல்லாம் கொண்டுவரட்டுமா?

'இல்லை' என்று சொல்ல விரல் போனது. அப்போது மனைவியின் குரல் பின்னாலிருந்து வந்தது. "என்னங்க, பாப்பாவோட பள்ளிக்கூடப் பக்கம், என் பாஸ்வேர்டு எல்லாம் அப்படியே இருக்கும்ல? ஒண்ணு தொலைஞ்சாலும் நீங்கதான் பொறுப்பு."

விரல் 'ஆம்' மேல் விழுந்தது. எல்லாக் கட்டத்திலும் டிக். பத்தே விநாடியில் வேலை முடிந்தது. பிரவுசர் சொன்ன சொல் தவறவில்லை. எல்லாவற்றையும் கொண்டுவந்தது.

"எல்லாம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு, வந்துடுச்சு."

"நகருங்க. பள்ளிக்கூடப் பக்கம் வருதான்னு பாக்கறேன்."

மனைவி 'ப' அடித்தார். திரை முழுக்கப் பல். லிஃப்ட்காரர் இரண்டு உள்ளங்கையாலும் திரையை மூடினார். பெரிய உள்ளங்கைதான். ஆனாலும் 'மனைவிக்குத் தெரியாமல் இருக்க' மட்டும் விரல் இடுக்கில் பளிச்சென்று தெரிந்தது.

"கையை எடுங்க."

"தூசி இருக்கு, துடைக்கிறேன்."

"யாருக்குப் பல் வலி?"

மகள் யானைப் படத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. அந்த இரண்டு கண்ணையும் பார்த்தார். வாயில் முதலில் வந்ததைச் சொன்னார்.

"நம்ம... என்கூட வேலை பாக்கறவருக்கு. பாவம், பயந்தாங்கொள்ளி. எனக்காகக் கொஞ்சம் தேடிச் சொல்லுங்கன்னு கேட்டார்."

இப்போது பிடிபட்டோம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். மனைவியின் முகத்திலோ ஒரே இரக்கம்.

"ஐயோ பாவம். எந்தப் பக்கம்?"

"இடது. கீழ. கடைசிக்கு முந்தினது."

"எத்தனை நாளா?"

"பதினேழு நாளாச்சு இன்னியோட. ராத்திரி காதுவரைக்கும் இழுக்குது. அதாவது, இழுக்குதுன்னார்."

"சம்சாரத்துக்கிட்டகூடச் சொல்லலியா அவர்?"

"சொன்னா இழுத்துக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம்."

"அந்தம்மா நல்லவங்களா இருப்பாங்க போலிருக்கு" என்றார் மனைவி. "சரி, தனியா விட்டா அவர் ஓடிடுவார். நீங்கதான் எதுக்கும் பயப்படாதவராச்சே, துணைக்குப் போங்க." கணினியில் என்னவோ டகடகவென்று தட்டினார். "பாப்பாவுக்குப் பார்த்த அதே டாக்டர். நாளைக்குப் பதினோரு மணி. உங்களுக்கும் லீவு. அவரை நேரா அங்க வரச் சொல்லிடுங்க."

"அப்பா கூட இருந்தா அந்த மாமா அழ மாட்டாங்க" என்றது மகள்.

தப்பித்தாயிற்று! போகலாம், பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காரலாம், அவன் வரவில்லை என்று சொல்லித் திரும்பிவிடலாம். வராத ஆளுக்கு எப்படிப் பல் பிடுங்குவார்கள்? தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு தூங்கப்போனார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பெஞ்சில் அவர் ஒருவர்தான். உள்ளேயிருந்து குர்ர்ர் என்று சத்தம் வந்தபோதெல்லாம் அவருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. பதினோரு மணி பத்து நிமிடத்துக்கு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"உங்க நண்பர் வரலியா?"

"வரலைங்க. நான் கிளம்பறேன்."

"பரவாயில்ல. இந்த நாற்காலி ஏறி இறங்கும்போது ஒரு குலுக்கு குலுக்குது. ஆளே கிடைக்கல. இதெல்லாம் யாருக்குத் தெரியும்னே தெரியல."

கிளம்பிய கால் நின்றுவிட்டது. "காட்டுங்க."

குனிந்து பார்த்தார். மிதியை அழுத்தினார். நாற்காலி ஏறியது, இறங்கியது. குலுக்கல் இல்லை.

"ஆள் இருந்தாத்தான் குலுக்குது" என்றார் டாக்டரம்மா.

"அப்படிச் சொல்லுங்க. எடை இல்லாம சோதிச்சா எதுவும் தெரியாது."

ஏறினார். சாய்ந்தார். நாற்காலி வெண்ணெய் மாதிரி மேலே போனது. லிஃப்ட்காரருக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. "இதுல ஒரு கோளாறும் இல்லையே!" என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்லி முடிக்கவில்லை. அதற்குள் ஒரு சின்னக் கண்ணாடி உள்ளே போயிருந்தது.

"அப்படியே வச்சிருங்க. மூடாதீங்க."

நாற்பது நிமிடம். ஊசி அவர் தேடிப் படித்ததைவிடச் சின்னது. மயக்கம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்தது. அதற்குக் காரணம் விளக்கு வெளிச்சம் என்பது அவர் கட்சி.

ஒரு பக்கம் மரத்துப்போன வாயோடு வீடு திரும்பி, வாசலிலேயே பிரகடனம் செய்தார். "அவன் வழல. டாக்டழ் சும்மா இழுந்தாங்க. நானே போய்க் காட்டிட்டு வந்துட்டேன்."

"தனியாவா அப்பா?" மகள் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"தனியா."

"உங்களுக்கு ரொம்பத் துணிச்சல்ங்க" என்றார் மனைவி, துணி மடித்தபடியே.

இரண்டு மாதமாக அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரும் தள்ளவில்லை, தானே முடிவெடுத்துப் போனாராம். மச்சானிடம் மட்டும் நாலு தரம்.

இவ்வளவையும் எழுதியதும் எனக்கு ஒரு பயம் வந்தது. ஒருதலையாக எழுதிவிட்டேனோ? அதனால் அந்த அக்காவிடமே போய்ப் படித்துக் காட்டினேன். எல்லாம் சரிதான் என்றார். டாக்டருக்குப் பதிவுசெய்த சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார். பதிவுசெய்த தேதியை இரண்டு முறை பார்த்தேன். பிரவுசர் மாறிய வெள்ளிக்கிழமைக்கு ஐந்து நாள் முந்திய தேதி. கீழே 'மருத்துவர் அறிய வேண்டியவை' என்ற கட்டத்தில் அக்கா எழுதியிருந்தது இது: "வேறு யாருக்கோ துணையாக வந்தேன் என்பார், நம்ப வேண்டாம். நாற்காலி பழுது என்று மட்டும் சொல்லுங்கள், தானே ஏறிப் படுத்துக்கொள்வார்."