மாமனாருக்கு வாக்குச் சொன்ன பூதம்

சினிமாவில் நடிக்கிறேன் என்று சொல்பவனிடம் என்ன வேஷம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. அதைக் கேட்கவிடாமல் பேசிப் பேசியே பெண் பார்த்தவன் நான்.

ஏழாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. லாரி கிளீனர், ஓட்டலில் மாவாட்டுபவன், போர் போடும் ரிக் வண்டியில் குழாய் தூக்குபவன் என்று சுற்றிவிட்டு, எழுபதுகளின் கடைசியில் ஒரு மாந்திரீகப் படக் கம்பெனியில் ஒட்டிக்கொண்டேன். இரண்டு வேளை சோறு கிடைத்தது. கதாநாயகி முதல் ரீலிலேயே செத்து ஆவியாகிவிடுவாள். ஆனாலும் பவுடர் குறையாது. பேய், பூதம், காட்டேரி எல்லாம் எங்களைப் போன்ற கறுப்பு ஆட்கள். செத்தவள் செக்கச்செவேலென்று இருந்தாள். உயிரோடிருந்த நாங்கள் பேயாக இருந்தோம்.

“உனக்கு மையே பூச வேண்டாம்டா, அது ஒரு மிச்சம்,” என்றார் டைரக்டர். (அதைப் பாராட்டுன்னு நெனச்சு ரெண்டு நாள் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்.)

பள்ளிபாளையத்தில் பெண் வீட்டாரிடம், “கதாநாயகனுக்கு எதிரில் நடிக்கிறேன்” என்று சொல்லிவைத்திருந்தேன். பொய்யில்லை. அவர் உதைப்பார், நான் எதிரில் நின்று வாங்கிக்கொள்வேன்.

பெண்ணின் அப்பா விசைத்தறிக்காரர், சந்தேகப் பேர்வழி. நான் நடிப்பதை நேரில் பார்த்துவிட்டுத்தான் நிச்சயம் என்று, ஆட்டையாம்பட்டிப் பக்கம் நாங்கள் படம் பிடித்த இடத்துக்கே பஸ் ஏறிவிட்டார். எனக்குத் தெரியாது.

அன்று எனக்கு முறுக்கு மீசை ஒட்டி, கண்ணை உருட்டி வரைந்து, கையில் அரிவாளும் கொடுத்தார் மெட்ராஸ் மேக்கப்காரர். வழியில் ஒரு சிலை பயங்கரமாக இருந்ததாம், அதைப் பார்த்துச் செய்தாராம். அது முனியப்பன் சிலை. எங்கள் பக்கம் கூத்தில் சாமி வேஷம் கட்டினவனுக்கும் சூடம் காட்டுவார்கள். வேஷம் கலையும்வரை அவன் சாமிதான். அது தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியில் முதல்முறையாக நன்றாக இருந்தேன்.

கதாநாயகன் என் மார்பில் கால் வைத்ததுதான் தாமதம், வேடிக்கை பார்த்த கூட்டம் எழுந்துவிட்டது.

“ஏனுங்க, எங்க சாமிய ஒதைக்கிறீங்களா?”

“சாமி இல்லய்யா, பூதம்!” என்று கத்தினார் டைரக்டர்.

“எங்க சாமி உனக்குப் பூதமாடா? புடிச்சுக் கட்டுங்கடா அந்தாள!”

கம்பெனி மொத்தமும் வேனில் ஏறிப் பறந்தது, என்னை விட்டுவிட்டு. ஊரார் என்னை வேப்பமரத்தடியில் நிறுத்திச் சூடம் ஏற்றினார்கள். கும்பிட்டபடி முதலில் வந்தவர் என் வருங்கால மாமனார்.

“சாமி, எம் புள்ளைக்கு ஒரு பையன் வந்திருக்கறானுங்க. சினிமாவுல இருக்கறானாமா. ஆளு கரிக்கட்டையாட்ட இருக்கறானுங்க. குடுக்கலாமுங்களா?”

கரிக்கட்டை அரிவாளை ஓங்கிப் பிடித்தது. வேலைதான் போயிற்று, பெண்ணாவது மிஞ்சட்டும் என்று கர்ஜித்தேன்: “குடு! தங்கமான பையன்!”

கர்ஜித்த வேகத்தில் மீசை கழன்று சூடத்தட்டில் விழுந்து பொசுங்கியது. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அட, நீயா?”

ஊரே கையை ஓங்கியது. அவர்தான் தடுத்தார். “இருங்கப்பா. மீச விழறதுக்கு முன்னால வந்த வாக்கு அது. சாமி வாக்குத்தான். மீறுனா என்ற குடும்பம் என்னாவுறது?” பிறகு என் பக்கம் திரும்பி, “மீச விழுந்த பொறவு நிக்கறது நீதான?” என்று கன்னத்தில் ஒன்று விட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. விருந்தாளிகள் வந்தால் இந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். அறை வாங்கும் இடம்வரை மனைவி பேசாமல் கேட்பாள்.

“எங்கப்பன் சாமியக் கேட்டாரு. சாமி தன்னையே கேட்டுக்கிச்சு. கட்டிக்கறவ நான் ஒருத்தி ஊட்டுல இருந்தனேங்க, என்னைய எவன் கேட்டான்?” என்பாள்.

எல்லோரும் சிரிப்பார்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.