மைனஸ் எண்பதுக்கு ஒரு சந்தனப் பொட்டு

அயப்பாக்கம்,
12.10.2025

பெருமதிப்புக்குரிய மாமா ஜெயராமன் அவர்களுக்கு, மைத்துனன் தமிழரசு பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகம் என்று எழுதுவது முறை. அங்கே அக்காவும் நீங்களும் சுகமா என்று கேட்பதும் முறை. வாரத்தில் மூன்று நாள் பூந்தமல்லிக்கு டயாலிசிஸுக்குப் போய் வருகிற சுலோசனா அக்காவைப் பற்றி அப்படிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து நாளாக நீங்கள் ஃபோன் செய்கிறீர்கள், நான் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் அடுத்த நிமிஷமே கூப்பிடுவீர்கள். தபால் என்றால் எனக்கு இரண்டு நாள் அவகாசம் கிடைக்கும். வருகிற இருபத்தேழாம் தேதி கம்பெனிக் கழிவுநீர் பற்றிய கலெக்டர் ஆபீஸ் விசாரணைக்கு நீங்கள் நம்பியிருக்கிற ரத்த ரிப்போர்ட் வராது மாமா. உங்கள் காலனிக்காரர்கள் கொடுத்த ரத்தம் மொத்தமும் கெட்டுப்போய்விட்டது. கெடுத்தவன் நான்.

எப்படி என்று சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். நான் லேப் அசிஸ்டெண்டாக இருக்கிற வேலப்பன்சாவடி காலேஜில் கனிமொழி மேடம் என்று ஒருவர், உயிர்வேதியியல் பாடம் எடுப்பவர், வீட்டுக்குக்கூட வந்திருக்கிறாரே, அவர்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சி வசதி இல்லாத இடங்களுக்கு மத்திய அரசு கொடுக்கிற மானியத்துக்கு எழுதிப்போட்டார். விண்ணப்பத்தில் முதல் கேள்வியே, உங்கள் கல்லூரி எந்தெந்த வகையில் பின்தங்கியிருக்கிறது, படத்துடன் நிரூபிக்கவும். தாளாளர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார். ஹைவே ஓரம் பூரா 'ஆராய்ச்சியில் முன்னணி' என்று ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறோம், அதே கையால் பின்தங்கினவன் என்று எழுதச் சொல்கிறாயா என்று கத்தினார். மேடம் அவரை லேபுக்குக் கூட்டிவந்து, லென்ஸ் இல்லாத ஏழு மைக்ராஸ்கோப்பையும் கூரை ஒழுகுகிற இடத்தில் வைத்திருந்த வாளியையும் காட்டினார். அவர் வாளியைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ஃபோட்டோ எடுத்தது நான்தான். வாளி சரியாக விழவில்லை என்று கொஞ்சம் முன்னால் நகர்த்திவைத்து எடுத்தேன். பின்தங்கியிருப்பதில் எங்களுக்கு நல்ல மார்க் கிடைத்தது, முதல் தவணையும் வந்தது.

அந்தப் பணத்தில் வந்ததுதான் அந்தப் பெரிய ஃப்ரீசர். மைனஸ் எண்பது டிகிரி, ஆள் உயரம், லேப் வாசலில் நுழையாமல் சுவரை இடித்து உள்ளே தள்ளினோம். திறப்பு விழாவுக்கு வைத்த கல்வெட்டில் தாளாளரின் தாத்தா பேர்கூட இருந்தது, மேடத்தின் பேர் இல்லை. அந்த ஃப்ரீசரை நிரப்பத்தான் மாமா நான் உங்கள் காலனிக்கு வந்தேன். பின்னால் இருக்கிற கம்பெனி விடுகிற தண்ணீர் உங்கள் போர்வெல்லில் கலக்கிறதா, அது ஜனங்கள் உடம்பில் ஏறுகிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். ஊசி என்றதும் கதவைச் சாத்தினார்கள். நீங்கள் தெருத் தெருவாக என்னோடு நடந்து, என் மச்சான்தான், பயப்படாதீங்க என்று சொன்னீர்கள். அக்காதான் முதலில் கையை நீட்டினது. அப்போது அக்காவுக்கு ஒரு வியாதியும் கிடையாது. டப்பாவில் ஒன்றாம் நம்பர் என்று எழுதி நான்தான் ஒட்டினேன். அக்காவுக்குப் பின்னால் இருநூற்றுப் பதினான்கு பேர்.

எடுத்தீர்களே, உடனே சோதித்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். சோதிக்கிற மெஷினுக்கு இரண்டாம் தவணை வரவேண்டும். முதல் தவணையைச் செலவழித்ததற்குச் சான்றிதழ் கேட்டார்கள், அனுப்பினோம். சான்றிதழில் சீல் சாய்ந்திருக்கிறது என்று திரும்பி வந்தது, நேராகக் குத்தி அனுப்பினோம். அதற்குள் டெல்லியில் அந்த அதிகாரி மாறிவிட்டார், புதியவர் முதலிலிருந்து கேட்டார். இப்படியே இரண்டரை வருஷம் ஓடிற்று. அக்காவுக்குக் கால் வீங்கினது, கிட்னி போனது, பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் செத்துப்போனது எல்லாம் இந்த இடைவெளியில்தான். ரத்தம் மட்டும் பத்திரமாக இருக்கிறது, பயப்படாதீர்கள் மாமா என்று ஒவ்வொரு தடவையும் உங்களிடம் சொன்னேன். போன மாதம் கடைசியில் மெஷின் வந்து இறங்கியே விட்டது. ஆயுத பூஜை லீவு முடிந்ததும் சோதனை ஆரம்பம் என்று மேடம் தேதி குறித்தார்.

அந்தப் பாழாய்ப்போன பூஜையைத்தான் நான் போட்டேன். மாமா, ஸ்விட்ச் விஷயத்தில் என்னைப் போல் கறாரான ஆள் எங்கள் காலேஜில் கிடையாது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஹாட் பிளேட் ஒன்று லீவு நாள் முழுக்க எரிந்து மேஜை கருகினதிலிருந்து நான் அப்படி ஆகிவிட்டேன். மெயின் போர்டு பக்கத்தில் சிவப்பு ஸ்கெட்சில் நானே எழுதி, லேமினேஷன் செய்து ஒட்டின அறிவிப்பைத் தாளாளரே நின்று படித்து மெச்சியிருக்கிறார். அந்த ஃப்ரீசரையும் பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டேன். திங்கட்கிழமை காலையில் மட்டும் அது கொஞ்ச நேரம் பீப் பீப் என்று கத்தும், பிறகு அடங்கிவிடும். திங்கட்கிழமை வேலைக்கு வர யாருக்குத்தான் பிடிக்கிறது என்று நாங்கள் சிரிப்போம். பூஜையன்று சாயங்காலம் எல்லாக் கருவியையும் துடைத்து, அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். ஆயுதத்துக்கு அன்றைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், எங்கள் அப்பா லேத் பட்டறையில் அப்படித்தான் செய்வார். இது மட்டும் வந்த நாளிலிருந்து ஒரு நாள்கூட நிற்காமல் ஓடுகிறதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன். கதவைத் திறந்து, உள்ளே அக்காவின் டப்பா இருக்கிற தட்டுக்கு நேராகக் கற்பூரம் காட்டி, தாயே, ரிப்போர்ட்டில் நல்ல வழி காட்டு என்று அக்கா பேரைச் சொல்லி வேண்டிக்கொண்டேன். புகை உள்ளே அடைந்துவிடுமே என்று கதவை ஒரு சாண் திறந்தே விட்டு, முன்னால் பொரியும் சுண்டலும் வைத்துவிட்டு வந்தேன். விஜயதசமியன்று வந்து போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு அக்காவோடு டயாலிசிஸுக்கு நான்தானே போனேன், உங்களுக்கே தெரியும்.

லீவு முடிந்து திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர், பொரி ஊறிக் கிடக்கிறது, லேப் முழுக்க நாற்றம். கனிமொழி மேடம் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். திட்டவில்லை. கடைசித் தட்டையும் வைத்துவிட்டு, "அண்ணே, இன்னிக்கு ரத்தத்த மறுபடியும் போய் எடுத்துக்கலாம். அக்கா நல்லா இருந்தப்போ எடுத்த ரத்தத்த எங்க போய் எடுக்கிறது?" என்றார். கம்பெனிக்காரன் என்ன சொல்வான் என்று உங்களுக்கே தெரியும். சர்க்கரை, பிரஷர், எல்லாம் முன்னாடியே இருந்தது என்பான். இல்லை என்று சொல்லத் தெம்பு உள்ள சாட்சி அந்த ஒன்றாம் நம்பர் டப்பாதான். அதைத்தான் நான் கற்பூரம் காட்டிக் கொன்றேன்.

என்னால் தாங்க முடியவில்லை மாமா. ராஜினாமாக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சோறு இறங்கவில்லை. உங்கள் காலனி வழியாகப் போகிற பஸ்ஸில்கூட ஏறுவதில்லை. அக்காவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் என்னை ஒன்றும் சொல்லமாட்டாள், அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது. அந்த ஒரு நாள், அந்த ஒரு பிளக், அதற்காக உங்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். ரிப்போர்ட் இருக்கிறதோ இல்லையோ, அந்த போர்வெல் தண்ணீரை மட்டும் யாரும் குடிக்க வேண்டாம், சமைக்கவும் வேண்டாம்.

அக்காவுக்கு என் அன்பையும், காலனியில் ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் என் வணக்கத்தையும் சொல்லவும். உங்கள் ஆசி எனக்கு இனிமேல் உண்டா என்று கேட்கும் தைரியம் இல்லாமல்,

தங்கள் மைத்துனன்,
தமிழரசு

பி.கு. - இன்று திங்கட்கிழமை, இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் ஃப்ரீசரைச் சரிபார்க்க சர்வீஸ்காரர் முகமது ஆசிக் பூந்தமல்லியிலிருந்து வந்தார். அந்த ஃப்ரீசருக்கு ஞாபக சக்தி உண்டாம், எப்போது குளிர்ந்தது, எப்போது சூடானது என்று எல்லாவற்றையும் உள்ளே குறித்து வைத்திருக்கிறது. லேப்டாப்பில் போட்டுக் காட்டினார். கோடு வாராவாரம் சனிக்கிழமை சாயங்காலம் ஏறுகிறது, திங்கட்கிழமை காலையில் இறங்குகிறது, வந்த முதல் வாரத்திலிருந்து அப்படித்தான். "அண்ணே, இது உங்க பூஜைல செத்தது இல்ல. வாரா வாரம் உருகி உருகி, எப்பவோ செத்துப்போச்சு" என்றார். உண்மையைச் சொல்கிறேன் மாமா, ஐந்து நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ராஜினாமாவைக் கிழித்துப் போட்டேன். இந்தக் கடிதத்தையும் கிழித்துவிட்டு, எந்தப் பாவி சனிக்கிழமை சனிக்கிழமை அணைத்தான் என்று கண்டுபிடித்து உங்களுக்குப் புதிதாக எழுதலாம் என்று கீழே ஓடினேன். வாட்ச்மேன் தங்கவேலுவைச் சட்டையைப் பிடித்துக் கேட்டேன். அவன் மெயின் போர்டு பக்கம் கையைக் காட்டி, "இன்னா சார், நீ எழுதி ஒட்டினதுதானே. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு மெயின அணைச்சு திங்கக்கிழமை ஆறு மணிக்குப் போடுன்னு எழுதிகீது. ஒன்பது வருசமா ஒரு வாரம் தவறினது இல்ல சார்" என்றான். நான் மெச்சுவேன் என்று நினைத்து நின்றுகொண்டிருந்தான். மேலே ஒரு நாளுக்காக நான் கேட்ட மன்னிப்பை அடித்துவிடுங்கள், அது போதாது. அறிவிப்பைக் கிழிக்கப் பார்த்தேன். லேமினேஷன் செய்தது மாமா, கிழியவில்லை.