முதல் பிடி உப்பு

மரக்காணம்
9.1.2006

நேப்பிள்ஸ் நகரத்தில் கோட்டும் தொப்பியுமாக வாழும் மாப்பிள்ளை சவரிமுத்து அவர்களுக்கு, மச்சான் சின்னப்பன் சொல்லச் சொல்ல, ரிட்டையர்டு தபால்காரர் தட்சணாமூர்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், என் வயிறு தவிர. அது உன் கடிதம் வந்ததிலிருந்து எரிகிறது.

முதலில் வருஷத்தை நிலைநிறுத்திக்கொள்வோம். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம். அந்தச் சேதி வந்த கையோடு கிறிஸ்துமஸ். குடிலுக்குப் பனி வேண்டும் என்றார் பெரிய சாமியார். பஞ்சு வாங்க வழியில்லாமல் எல்லோரும் விழித்தபோது, உப்பளத்தில் கீற்றுப் போட்டு மூடியிருந்த அம்பாரத்திலிருந்து உப்பை அள்ளி வந்து தூவியது யார்? நான். அன்று முதல் நாற்பத்திரண்டு கிறிஸ்துமஸ், முதல் பிடி உப்பு என் கையால்தான் விழுகிறது. சுனாமிக்கு முந்தின நாள்கூட அப்படித்தான்.

மகள் சங்கீதாவின் பிரசவத்துக்கென்று போன நீ, அங்கே குடில் போட்டியில், அவர்கள் மாவு தூவுகிற இடத்தில் உப்பைத் தூவிக் கோப்பை வாங்கிவிட்டாய். வாங்கிவிட்டுப் போ. ‘இது என் சொந்த யோசனை, எங்கள் ஊரிலும் நான்தான் தொடங்கினேன்’ என்று எதற்கய்யா எழுதினாய்? அதைத் தட்சணாமூர்த்தி டீக்கடையில் இரண்டு தடவை உரக்கப் படித்தார். (இதை எழுத வேண்டாம் என்கிறார். எழுதும், நீர் படித்தது நிஜம்தானே என்றேன்.)

அங்கே இடையர்கள் மலையிலிருந்து இறங்கி வந்து தோல்பையில் நாயனம் ஊதுகிறார்களாம். பண்டிகைக்கு விலாங்கு மீனாம். அது நம் கழுவெளி ஏரியில் நெளிந்தால் முகம் சுளிப்பாய். புது வருஷத்துக்குப் பழைய சாமானை ஜன்னல் வழியாகத் தெருவில் எறிவார்களாம். போகிக்கு நாம் எரிக்கிறோம், யார் மண்டையும் உடைவதில்லை. துடைப்பத்தில் பறந்து வரும் கிழவி, நல்லவர் காலுறையில் மிட்டாயும் கெட்டவர் காலுறையில் கரியும் போடுவாளாம். இந்நேரம் வந்து போயிருப்பாள். உனக்கு என்ன போட்டாள் என்று மறைக்காமல் எழுது.

டீக்கடையில் பக்தவச்சலம் கேட்டான், “ஏம்பா சின்னப்பா, இத்தினி வருஷமா நீ வுட்டதெல்லாம் கப்சாவா?” “டேய், நான் வுட்டது கப்சா இல்லடா, உப்பு!” என்று நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில், அவனுடைய ஆடு கோயிலுக்குள் புகுந்து குடிலில் இருந்த பனி முழுவதையும் நக்கிவிட்டு, ருசி அடங்காமல் ஒரு மண்பொம்மை இடையனின் மூக்கையும் கரைத்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி அம்பாரம் கரைந்துபோன வருஷத்தில், கெஞ்சி வாங்கிய உப்பு. உன் பனிக்குக் கோப்பை, என் பனிக்கு ஆடு.

இதோடு விட்டதா? நேற்று மூன்று ராஜாக்கள் திருநாள். புதுச் சாமியார், கடிதத்தோடு நீ அனுப்பிய உன் போட்டோவைப் பெரிதாக்கி, குடிலில் மாட்டுக்கும் கழுதைக்கும் நடுவில் மாட்டிவிட்டார். இடம் பொருத்தம்தான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மைக்கில், “அடுத்த வருஷம் மொதல் பிடிய சவரிமுத்து தம்பி சூசையே போடட்டுங்க” என்றார். சூசை என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்த ஒரு பிடி போனால் எனக்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது? ஆகவே, தூவியது சின்னப்பன்தான் என்று சாமியாருக்கு உடனே எழுது.

பேரப்பிள்ளைக்கு என் முத்தம். குளிரில் உன் மூட்டுவலி கூடாமல் இருக்கட்டும். கூடினாலும் கொஞ்சமாகக் கூடட்டும்.

அன்புள்ள மச்சான்,
சின்னப்பன் (கைநாட்டு)

பின்குறிப்பு: தட்சணாமூர்த்தி கண்ணாடி போட்டு அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தார். “இதாருங்க, பின்னால முந்தானையில கை தொடைக்கிறது? கையெல்லாம் வெள்ளையா இருக்குதே” என்றார். கண்ணாடியை வாங்கி நானும் பார்த்தேன். சாமியாருக்கு ஒன்றும் எழுதாதே. தனுஷ்கோடி அழிந்த அந்த வருஷம் நீ நட்சத்திரம் கட்டக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தாய், நான் வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்தேன். பாவாடையில் உப்பைக் கட்டி வந்து தூவிவிட்டுப் போனது ஒரு பன்னிரண்டு வயசுப் பெண். சாமியார் யாரென்று கேட்டபோது நாம் இருவரும் ஒரே மூச்சில் ‘நான்’ என்றோம். அவள் இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்திருந்த பெரிய சாமியார் போய்விட்டார். மணியடித்த கோயில் பிள்ளை அருளப்பன் போய்விட்டான். உப்பு கொடுத்த மேஸ்திரி சக்கரபாணி போன மாசியில் போனார். நம் இரண்டு பொய்யர்களை விட்டால், உண்மை தெரிந்து உயிரோடு இருப்பது உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, சகாயசெல்வி.